தர்மக் கடைக்கு முதல் போடும் முன்

கோவையிலிருந்து பேரூரைத் தாண்டி மேற்கே போனால் தொண்டாமுத்தூர் வட்டாரம். பாக்கும் தென்னையும் வாழையும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். மாசி பிறந்துவிட்டால் வெள்ளியங்கிரி ஏறுவதற்குப் பூண்டியில் கூட்டம் சேரும். 2017 பிப்ரவரியில் ஈஷா யோக மைய வளாகத்தில் 112 அடி ஆதியோகி சிலை திறக்கப்பட்ட பிறகு எல்லா மாதங்களிலும் வெளியூர் வண்டிகள் வருகின்றன. வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப விரும்புவதில்லை. ஒரு பை, ஒரு பனியன், ஒரு புட்டி எண்ணெய் என்று ஏதாவது வாங்குகிறார்கள். இதைப் பார்க்கிற சிறிய தொண்டு அமைப்புகளுக்கு ஓர் எண்ணம் வருவது இயல்பு. முதியோர் இல்லமோ, மலையடிவாரப் பழங்குடிப் பதிகளில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் குழுவோ, மரம் நடும் இயக்கமோ, ஆண்டுதோறும் நன்கொடைப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவதைவிட நாமே ஒரு கடை போட்டால் என்ன என்று யோசிக்கிறது. பாக்கு மட்டைத் தட்டு, மரச்செக்கு எண்ணெய், துணிப்பை, திருப்பூரிலிருந்து அமைப்பின் பெயர் அச்சிட்ட பனியன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. குறைவது முதல் மட்டுமே. அந்த முதலுக்காக உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போகிறது: நம் கடைக்கு ஆளுக்குப் பத்தாயிரம். ஈஷா லைஃப் போன்ற பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் இருப்பார்கள். அவர்களைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துப் பத்தாயிரம் அனுப்பப் போகிறவருக்கும், அந்தச் செய்தியை எழுதப் போகிறவருக்கும் உரியது இது.

அந்தச் செய்தியில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது ஒன்று உண்டு. அந்தப் பத்தாயிரம் என்ன வகைப் பணம் என்பதுதான் அது. கொடையாகக் கொடுத்தால் அது திரும்பாது. கொடுத்தவர் கேட்கக்கூடியது கணக்கை மட்டுமே. கடனாகக் கொடுத்தால் கடை ஓடினாலும் படுத்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். பங்காகக் கொடுத்தால் லாபத்திலும் நட்டத்திலும் கொடுத்தவருக்கு இடம் உண்டு, நிர்வாகத்தில் குரலும் உண்டு. மூன்றுக்கும் சட்டம் வேறு, வரி வேறு, தகராறு வந்தால் ஏறவேண்டிய படியும் வேறு. இப்படித் தொண்டுக்காக நடத்தும் தர்மக் கடைகளில் பணம் தொலைவதற்கு நேரடித் திருட்டைவிட இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்குவதே அடிக்கடி காரணமாகிறது. கொடுத்தவர் கடன் என்று நினைத்திருப்பார், வாங்கியவர் கொடை என்று எழுதியிருப்பார், நடுவில் நின்றவர் லாபத்தில் பங்கு என்று வாயால் சொல்லியிருப்பார். மூவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். கடை இரண்டாம் ஆண்டில் மூடும்போது மூவரும் பகையாளிகள். ஆகவே ஒரு ரூபாய் கைமாறும் முன் கேட்கவேண்டிய கேள்வி, கடை நட்டப்பட்டால் அந்த நட்டம் யாருடையது என்பதுதான். அதற்கு ஒரே வரியில் எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் பணம் தரக் கூடாது, அமைப்பும் வாங்கக் கூடாது.

முதலில் கொடை. வருமான வரிச் சட்டத்தின் 12 ஏபி பிரிவில் பதிவும் 80 ஜி அங்கீகாரமும் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவருக்கு, பொதுவாகக் கொடையில் பாதித் தொகை வருமானத்திலிருந்து கழிவாகக் கிடைக்கும். அதற்கும் மொத்த வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இந்தச் சலுகையே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. துணியாகவோ அரிசியாகவோ கொடுத்தாலும் இல்லை. அமைப்பு தன் கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதிலிருந்து எடுத்த 10 பிஇ சான்றிதழை நிதியாண்டு முடிந்த பின் மே 31க்குள் தரவேண்டும்; கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது. (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டர்களின் வாயில் இன்னும் புழங்கும் பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.) இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். கடையில் 300 ரூபாய்க்குப் பனியன் வாங்குவது கொடை ஆகாது, அது கொள்முதல். அதற்கு 80 ஜி ரசீது போட்டுத் தருகிற கடை தன்னையும் வாங்கியவரையும் பொய்க் கணக்கில் இழுத்துவிடுகிறது. அதேபோல "முதியோர் சோற்றுக்கு" என்று சொல்லி வாங்கிய கொடையைக் கடையின் அலமாரிக்கும் வாடகை முன்பணத்துக்கும் திருப்புவது, கொடுத்தவரின் நோக்கத்தை மீறிய செலவு. கடைக்குத்தான் கேட்கிறோம் என்றால் கடைக்கு என்றே ரசீதில் எழுதவேண்டும். எழுதினால் கொடை குறையும் என்று நிர்வாகிகள் அஞ்சுவார்கள். குறையட்டும், ஊர் நம்பாத கடைக்கு ஊர்ப் பணம் எதற்கு?

அடுத்தது கடன். கொங்கு நாட்டில் மிக எளிதாகப் புரள்வதும் மிகக் கடுமையாகச் சுடுவதும் இதுதான். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இரண்டு ரூபாய் வட்டி என்று பேசிப் பழகிய வட்டாரம் இது. கடைக்கு 50,000 கொடுங்கள், மாதம் ஐந்நூறு தருகிறோம், தர்மத்துக்கும் ஆயிற்று என்றால் மறுப்பவர் குறைவு. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டம் இதைத் தொழிலாகச் செய்வதை அடியோடு தடை செய்கிறது. டெபாசிட் வாங்குகிறவர் என்ற வரையறைக்குள் தனிநபர், கூட்டாளி நிறுவனம், கம்பெனி என்பவற்றோடு டிரஸ்ட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வட்டியே இல்லாவிட்டாலும், பணமாக அல்லாமல் பொருளாகவோ சேவையாகவோ திருப்பித் தருவதாகச் சொன்னாலும், திருப்பித் தருவதாக வாக்களித்து வாங்கியது டெபாசிட்தான். ஊரார் பணம் போட அழைப்பு விடுப்பதற்கே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. வாங்கினால் இரண்டு முதல் ஏழாண்டு. மோசடியாகத் திருப்பித் தராமல் விட்டால் மூன்று முதல் பத்தாண்டு. தெரிந்த ஒன்றிரண்டு பேரிடம் கைமாற்று வாங்குவதைச் சட்டம் குறிவைக்கவில்லை. சரக்குக்கு உண்மையாகவே முன்பணம் வாங்கிச் சரக்கைக் கொடுத்துவிடுவதும் டெபாசிட் அல்ல. பொது அழைப்பு விடுத்துப் பலரிடம் தொடர்ந்து திரட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் பொது அழைப்புத்தான். இதோடு, கடனாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கத்தில் வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் என்ற வருமான வரி விதி தனியே இருக்கிறது.

இது வெறும் சட்டப் பூச்சாண்டி அல்ல என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. பெருந்துறையை மையமாக வைத்து வளர்ந்த ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது, மாதாமாதம் பராமரிப்புப் பணம் வரும் என்று நம்பிச் சேமிப்பைப் போட்ட குடியானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூரில் 2009இல் வெடித்த, பாசி என்ற நிறுவனத்தின் அன்னியச் செலாவணி மோசடியில் கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது 2022 ஆகஸ்டில்; நடுவே பதின்மூன்று ஆண்டுகள். அவை தர்ம அமைப்புகள் அல்லவே, ஏன் இங்கே இழுக்கவேண்டும் என்று கேட்கலாம். இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஆசை செய்த வேலையை இங்கே பக்தியும் இரக்கமும் செய்கின்றன. இரண்டிலும் கொடுக்கிறவர் காகிதம் கேட்பதில்லை. ஆசைப்பட்டு ஏமாந்தவராவது புகார் கொடுக்கிறார். தர்மத்துக்குக் கொடுத்து ஏமாந்தவர் பாவம் என்று வாய் மூடிக்கொள்கிறார். அதனால் சிறு தொகைகள் பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே கரைகின்றன.

மூன்றாவது பங்கு. இதில் பலருக்கும் தெரியாத சங்கதி, டிரஸ்ட்டில் பங்கு என்று ஒன்று கிடையாது என்பதுதான். அறக்கட்டளையின் சொத்தில் யாருக்கும் உடைமை இல்லை. அறங்காவலர் காவலர் மட்டுமே. ஆகவே டிரஸ்ட் பெயரில் நடக்கும் கடையில் லாபப் பங்கு தருவதாகச் சொல்வது சட்டப்படி நிறைவேற்ற முடியாத வாக்கு. சரி, தனியாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி அதன் பங்குகளை டிரஸ்ட்டே வாங்கிக்கொண்டால்? இங்கிலாந்தில் தொண்டு அமைப்புகள் இப்படித்தான் செய்கின்றன: சிறு வரம்புக்கு மேற்பட்ட வணிகத்தைத் தமக்குச் சொந்தமான தனிக் கம்பெனியில் நடத்தி, லாபத்தை மட்டும் கொடையாக மேலே எடுத்துக்கொள்கின்றன. நட்டம் வந்தால் அந்தக் கம்பெனியோடு போகும், முதியோர் இல்லத்தின் கூரை பிழைக்கும். நம் வருமான வரிச் சட்டம் அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருக்கிறது. வரிவிலக்குப் பெற்ற டிரஸ்ட் தன் பணத்தை 11(5) பிரிவில் சொன்ன இனங்களில் மட்டுமே முதலீடு செய்யலாம், சாதாரண கம்பெனிப் பங்கு அதில் சேராது. விளைவு விசித்திரமானது. ஆபத்தைத் தனியே பிரித்து வைக்க நினைக்கிற நிதானமான நிர்வாகிக்குச் சட்டம் உதவுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே டிரஸ்ட்டுக்குள் போட்டுக்கொள்ளவே தள்ளுகிறது. இது மாறவேண்டிய விதி என்பது என் கருத்து. மாறும்வரை இரண்டு வழிகள் உண்டு. லாபத்தைப் பிரித்துக்கொள்ளாமல் நோக்கத்துக்கே செலவிடும் 8ஆம் பிரிவுக் கம்பெனியைத் தனியே தொடங்கலாம். அதன் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். அல்லது, கடையின் பயன் யாருக்குப் போகவேண்டுமோ அவர்களையே உடைமையாளர்கள் ஆக்கலாம்.

இரண்டாவது வழிக்குத் தொண்டாமுத்தூர் வட்டாரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2013இல் தொடங்கிய வெள்ளியங்கிரி உழவன் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்கள் உழவர்கள். உற்பத்தியாளர் நிறுவனச் சட்டத்தின்படி, பங்கு எத்தனை வைத்திருந்தாலும் தனிநபர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. உபரியை உறுப்பினர் நிறுவனத்தோடு செய்த வணிகத்தின் அளவுக்கேற்பப் பகிரலாம். ஒன்றிய அரசின் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம், உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, அமைப்புக்கு அதிகபட்சம் 15 லட்சம் வரை மானியம் என்று வகுத்திருந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவானால் உணவுப் பொருள் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான ஒன்றியத் திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம், எந்திரங்களுக்கு 35 சதவீத மானியம் என்ற ஏற்பாடு. விற்பதற்குத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மதி அங்காடிகளும் பூமாலை வளாகங்களும் உண்டு. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் இந்தப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. அந்த நிதியில் வாங்கும் எந்திரமோ கட்டடமோ பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பெயரில் இருக்கலாம், அல்லது திட்டத்தின் பயனாளிகளான சுயஉதவிக் குழுக்களின் பெயரிலேயே இருக்கலாம் என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. பம்பும் பஞ்சாலையும் நிறைந்த கோவை மாவட்டத்தில் இந்த நிதியைத் தேடிப் போகாமல் ஓய்வூதியக்காரரின் பத்தாயிரத்தைத் தேடிப் போவது எனக்கு விளங்காத காரியம்.

தர்ம அமைப்பு வியாபாரமே செய்யலாமா என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே விடை தந்தது. தினத்தந்தி நாளிதழின் வணிகத்தைத் தன் சொத்தாகக் கொண்டது தந்தி டிரஸ்ட். அந்த வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டா என்று நெடுநாள் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்ன முடிவு: வணிக வருமானம் அறநோக்கத்துக்கே செலவாகிறதென்றால் அந்த வணிகம் நோக்கத்துக்குத் துணையானதுதான், தனிக் கணக்கு வைத்திருந்தால் விலக்கு உண்டு. இந்தத் தாராளத்தை 2022 அக்டோபர் 19 அன்று அதே நீதிமன்றம் தந்த இரு தீர்ப்புகள் இறுக்கின. கல்வி அமைப்பானால் துணை வணிகம் கல்வியோடு ஒட்டியதாக இருக்கவேண்டும், பாடநூலும் விடுதியும் போல. சுற்றுச்சூழல், கல்வி, மருத்துவம், யோகா, ஏழைகளுக்கு உதவி போன்ற தனித் தலைப்புகளில் அடங்காத "பொதுப் பயன்" அமைப்பானால், அடக்கவிலைக்குக் கணிசமாக மேலே விலை வைத்து விற்பது வணிகமே, அந்த வரவு ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டின் விலக்கு போகும். துணையல்லாத வணிகம் நடத்தினாலோ தனிக் கணக்கு வைக்காவிட்டாலோ பதிவே ரத்தாகலாம். அப்படி ரத்தானால் கட்டடமும் நிலமும் உட்பட அமைப்பின் நிகர சொத்து மதிப்பின் மீதே வரி விழும். ஒரு பனியன் கடை, முப்பது ஆண்டுகளில் சேர்த்த இல்லத்தை வரிக்கு இரையாக்கக்கூடும் என்பது மிகை இல்லை. ஜிஎஸ்டியிலும் தர்மம் என்ற சொல்லுக்குச் சலுகை குறைவு: அறச் சேவைகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டே தவிர சரக்கு விற்பனைக்கு இல்லை. லாபம் நோக்கமா இல்லையா என்பதைப் பாராமலே வணிகம் என்பதை அந்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். கடை வெறுமனே சிறியதாக இருப்பது காப்பாற்றாது. ஒரே பான் எண்ணில் நடக்கும் மற்ற வழங்கல்களும் அந்தக் கணக்கில் சேரும்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். அமைப்பின் பெயர் அச்சிட்ட பனியன் 210 ரூபாய்க்கு வாங்கி 300க்கு விற்றால் மிச்சம் 90. கடை வாடகை, ஓர் ஆள் சம்பளம், கரண்ட் என்று மாதம் 30,000 செலவானால், வெறும் செலவைத் தாண்டவே 334 பனியன் விற்கவேண்டும். வெள்ளியங்கிரிக் காலம் முடிந்த ஆடி மாதத்திலும் விற்கவேண்டும். கடைக்குத் திரட்டிய ஐந்து லட்சத்தை ஏழு சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் சும்மா வந்திருக்கும். அதைவிட அதிகமாக, அதுவும் தொண்டர்களின் உழைப்புக்கு ஒரு கூலி போட்ட பிறகும் அதிகமாகக் கடை ஈட்டுமா என்று எழுதிக் காட்டாத திட்டத்துக்கு முதல் போடக் காரணமே இல்லை. வெற்றி பெற்றவை எப்படி வெற்றி பெற்றன என்பதையும் கவனிக்கவேண்டும். சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீஸ் உணவகமும் மருந்துக் கடையும் பரிசோதனைக் கூடமும் பெட்ரோல் பங்க்கும் நடத்துகிறது. கோவைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அதை 1996இல் தொடங்கிய பி. சுப்பிரமணியம், சாந்தி கியர்ஸை வளர்த்தெடுத்த தொழிலதிபர். பின்னால் ஒரு தொழிலின் பலம் இருந்தது. அங்கே விற்றது நினைவுப் பொருளும் அல்ல, தினமும் எல்லோருக்கும் வேண்டிய சோறும் மருந்தும். உலகத்தின் பெயர்பெற்ற தர்மக் கடைகளான ஆக்ஸ்பாம் கடைகள் 1940களின் கடைசியில் ஆக்ஸ்போர்டில் தொடங்கியபோது விற்றது மக்கள் இலவசமாகக் கொடுத்த பொருள்களை. சரக்கில் முதல் முடங்கவே இல்லை. தேவையுள்ள பொருள், முடங்காத முதல் என்ற இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாத கடைக்குக் கருணை மட்டும் போதாது.

இவ்வளவு சொன்னால் எழும் முதல் மறுப்பு, தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதா, சேவை செய்கிறவரைச் சந்தேகிப்பதா என்பது. ஆனால் கொங்கு ஊர்களின் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. கோயில் நோம்பிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கினால், திருவிழா முடிந்ததும் ஊர் கூடி வரவு செலவு வாசிப்பார்கள். பந்தல்காரருக்கும் மேளத்துக்கும் கொடுத்தது வரை ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார்கள். அதில் யாரும் சாமியைச் சந்தேகித்ததாக எண்ணுவதில்லை. ஊர்க் கோயிலுக்கு இருக்கும் ஒழுங்கு, நகரத்தில் பதிவான டிரஸ்ட்டுக்கு அவமானமாகப் படுவது எதனால் என்று அந்த டிரஸ்ட்தான் சொல்லவேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இத்தனை காகிதம் கேட்டால் பத்துப் பேர் சேர்ந்து நல்லது செய்யவே முடியாது, பெரிய அமைப்புகள் மட்டுமே மிஞ்சும். இதில் உண்மை இருக்கிறது. பதிவு, தணிக்கை, ஆண்டறிக்கை என்று சிறிய குழுவுக்கு ஆகும் செலவு அதன் வரவுக்குப் பொருத்தமில்லாத அளவு பெரிது. ஆனால் அதற்கு வழி காகிதத்தை விடுவதல்ல, ஊரார் பணத்தில் கடை போடுவதை விடுவது. சிறு குழு கோயில் விழாவில் மூன்று நாள் பந்தலிட்டு, தாங்களே செய்த பொருளை விற்றுப் பார்க்கலாம். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையில் ஏதாவது சுயஉதவிக் குழுவிடம் வாங்கி விற்கலாம். நட்டம் தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கும், யாருடைய சேமிப்பும் அதில் மாட்டாது. ஒரு பருவம் விற்றுக் காட்டிய குழுவுக்கு முதல் கேட்பது எளிது.

பணம் ஒழுகும் ஓட்டைகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கடைக்குச் சரக்கு யாரிடமிருந்து வருகிறது? அறங்காவலரின் மைத்துனர் பனியன் கம்பெனியிலிருந்து சந்தை விலைக்கு மேல் வாங்கினால், கடை நட்டத்தில் ஓடினாலும் ஒரு வீடு லாபத்தில் ஓடும். அறங்காவலருக்கும் உறவினருக்கும் இப்படி நன்மை செய்வதை வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விலக்கைப் பறிக்கும் மீறலாகவே வைத்திருக்கிறது. கொடுக்கிறவர் கேட்கத் தயங்கவே கூடாத கேள்வி இது. கடையில் பொருள் வாங்குகிறவருக்கும் உரிமை உண்டு. "முழு வருமானமும் குழந்தைகளுக்கு" என்று பலகை வைத்துவிட்டு வாடகை சம்பளம் போக மிச்சத்தை மட்டும் கொடுத்தால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். பொட்டலத்தில் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி இல்லாமல் விற்கத் தர்மக் கடைக்கும் அனுமதி இல்லை. வெளிநாட்டுத் தமிழர்களிடம் முதல் கேட்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் கொடையை அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு தொடவே கூடாது, இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்க்கிறவரின் சேமிப்புக்கு அந்தத் தடை இல்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரும் கடையில் பொருள் வாங்கி விலை கொடுத்தால் அது கொடை ஆகாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் என்ன செய்வது? கையில் உள்ள வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்ற எண், ரசீது, நோட்டீஸ் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பதிவுத் தபாலில் கணக்குக் கேளுங்கள். கடனாகவோ வட்டிக்கோ பலரிடம் வாங்கித் திருப்பாவிட்டால் கோவையிலுள்ள பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தரலாம். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் நிர்வாகிகளின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாகப் பிரித்துக் கொடுக்க இடமுண்டு. தனித்தனியே போவதைவிடப் பணம் போட்டவர்கள் சேர்ந்து போனால் எடுபடும். அறக்கட்டளைக் கொடை திசைமாறினால், அந்த அறத்தில் நலன் உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவில் வழக்குப் போட்டு, கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை நீக்கக் கோரலாம். அமைப்பு 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்து மாவட்டப் பதிவாளர் விசாரணை கோரலாம். மாவட்ட ஆட்சியர் வழியாகவும் அந்த விசாரணையைக் கிளப்ப முடியும். நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318ஆம் பிரிவுகள். கடைப் பொருளிலோ விளம்பரத்திலோ குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அமைப்பின் பெயரில் போலிக் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் போய்விட்டதென்றால் அடுத்த நாள்வரை பொறுக்காமல் உடனே 1930ஐ அழைக்கவேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு, அழைக்கவேண்டிய எண் 15100.